குழித்தறில நெய்யறவங்களுக்கு முதுகு, தோள்பட்டை வலி ஏன் இவ்ளோ வருது? பழகிட்டா போயிடாதா?

பழகினா கை வேகமாகும், வலி போகாதுங்க. காஞ்சிபுரம் பட்டுத்தறியவே எடுத்துக்கோங்க, குழி ஓரத்துல பலகை மேல உக்காந்து காலை குழிக்குள்ள விட்டு மிதிய மிதிக்கணும், சாஞ்சுக்க ஒண்ணும் இருக்காது, பாவு (நீளவாக்குல கட்டின நூல்) முன்னாடி இருக்கறதால உடம்பு எப்பவும் முன்பக்கம் குனிஞ்சே இருக்கும். இங்கதான் விஷயமே. அசையாம ஒரே நிலையில இழுத்துப் பிடிச்சிருக்கற தசைக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சிடும், அதனால அது அசையற தசையை விட சீக்கிரம் சோர்ந்துடும், கூடவே குனிஞ்சு உக்காரும்போது கீழ்முதுகு டிஸ்க்ல அழுத்தமும் ஏறும். பலகை விளிம்பு தொடைக்கு அடியில அழுத்துச்சுன்னா கால் மரத்துப் போறது தனி.

இதுக்கு மேல நாடா (குறுக்கு நூலைக் கொண்டு போற கட்டை) தள்றது, ஊடைய (அந்தக் குறுக்கு நூலை) அடிக்கறதுன்னு தோளும் மணிக்கட்டும் நாள் பூரா ஒரே வேலையைத்தான் செய்யும். ஜக்கார்டு பெட்டி (டிசைனுக்கு ஏத்தபடி பாவு நூலைத் தூக்கற கருவி) மாட்டின தறின்னா மிதிக்கவும் பலம் வேணும். கோர்வை சேலைக்கு (கரையையும் நடுப்பகுதியையும் வேற வேற நிற ஊடையில நெய்து கோக்கறது) மூணு நாடா, அதுக்குத் துணையா ஒரு ஆள் பக்கத்துல உக்காரணும், அவங்க வலியப் பத்தி யாரும் கேக்கறதே இல்ல.

தைலம் தேச்சா கொஞ்ச நேரம் இதமா இருக்கும், அவ்ளோதான். உக்கார்ற பலகையோட உயரத்தை அவங்கவங்க கால் நீளத்துக்கு மாத்தறது, விளிம்புல மெத்தை, நல்ல வெளிச்சம் (இருட்டா இருந்தா இன்னும் குனிவாங்க), அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நிமிர்றது, இதெல்லாம் உதவும். ஆனா கூலி சேலைக் கணக்குல வரும்போது எழுந்திருக்க யாருக்கு மனசு வரும்? கால் மரப்பு விடாம இருந்தா, வலி கால் வரைக்கும் இறங்கினா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.