அனிமேஷன் படிக்கப் போகிறீர்களா? கம்ப்யூட்டர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. அனிமேஷனும் கிராஃபிக் டிசைனும் சேர்ந்த பட்டப்படிப்பில் சேரப் போகிறேன். கேமிங் லேப்டாப் வாங்கினால் எல்லாம் ஓடும் என்கிறார் கடைக்காரர். டிசைன் என்றாலே மேக்தான் என்கிறார் அண்ணன். டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தால் அதே பணத்தில் இரண்டு மடங்கு வேகம் கிடைக்கும் என்கிறார் நண்பர். வீட்டில் ஒரு தடவைதான் இவ்வளவு பணம் போட முடியும். எதை வாங்கட்டும்?

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நீங்கள் அதில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு தடவைதான் பணம் போட முடியும் என்கிறீர்கள். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: பின்னால் மாற்றவே முடியாத பாகங்களில் இன்று தாராளமாகப் பணம் போடுங்கள், அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளக் கூடியவற்றை இப்போதைக்கு அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும் முன் கல்லூரியில் இரண்டு விஷயம் கேளுங்கள். எந்தெந்த மென்பொருளில் பாடம் நடத்துகிறார்கள்? வகுப்பு முடிந்த பிறகும் லேபில் உட்கார விடுவார்களா? முதல் கேள்விக்கு 3டிஎஸ் மேக்ஸ் என்று பதில் வந்தால் மேக் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம், அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், மாயா, பிளெண்டர், டூன் பூம் ஹார்மனி எல்லாம் இரண்டிலும் ஓடும். லேப் மாலையிலும் திறந்திருக்கும் என்றால் கனமான ரெண்டர்களை (காட்சியைக் கணக்கிட்டு முழுப் படமாக ஆக்கும் வேலையை) அங்கே ஓட்டிக்கொள்ளலாம். உங்கள் பட்ஜெட்டில் பெரிய பாரம் இறங்கிவிடும்.

கிராஃபிக் டிசைன் பக்கம் கம்ப்யூட்டரை அவ்வளவாக வாட்டாது. போஸ்டர், லோகோ, புத்தக வடிவமைப்புக்கெல்லாம் 16 ஜிபி ராமும் சுமாரான புராசஸரும் இருந்தால் போதும். அங்கே உங்களைக் காப்பதும் கவிழ்ப்பதும் திரைதான். லேப்டாப்பின் விவரப் பட்டியலில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ (திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான ஓர் அளவு) என்று இருந்தால் அதை வாங்காதீர்கள். இணையமும் பெரும்பாலான திரைகளும் நம்பியிருக்கும் எஸ்ஆர்ஜிபி வண்ணப் பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும். அதில் உட்கார்ந்து ஒரு போஸ்டருக்கு ஆரஞ்சு நிறம் வைப்பீர்கள். மங்கலாகத் தெரியும். சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கொஞ்சம் ஏற்றுவீர்கள், இன்னும் கொஞ்சம் ஏற்றுவீர்கள். அப்புறம் அதே படத்தை நல்ல போனில் திறந்தால் கண்ணைக் குத்தும். உங்கள் நிற உணர்வில் குறை இல்லை, திரை பொய் சொல்லியிருக்கிறது. படிக்கிற காலத்தில் கண்ணைப் பழக்குவதே ஒரு பாடம். அதைப் பொய்த் திரையில் பழக்கக் கூடாது. ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ என்று எழுதியிருக்கும் ஐபிஎஸ் அல்லது ஓலெட் திரையைத் தேடுங்கள். பெயருக்குக் கேமிங் லேப்டாப் என்றாலும் விலை குறைந்த மாடல்களில் பல இந்த இடத்தில்தான் சிக்கனம் பிடிக்கின்றன. கடைக்காரர் சொன்னதில் விடுபட்டது இதுதான்.

அனிமேஷன் பக்கம் கதை வேறு. முதலில் ராம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ப்ரிவ்யூ ஓட்டும்போது பிரேம்களை (அசையும் காட்சியின் தனித்தனிப் படங்களை) முழுதாக ராமில் அடுக்கி வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டும், புதிய பதிப்புகள் டிஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளும். ஃபுல் எச்டி பிரேம் ஒன்றில் 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு நான்கு பைட். கிட்டத்தட்ட 8 எம்பி. நொடிக்கு 24 பிரேம் என்றால் பத்து நொடிக்கு 240 பிரேம், சுமார் 2 ஜிபி. வண்ண ஆழத்தை 8 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றினால் இரு மடங்கு. படத்தை 4கேக்குக் கொண்டுபோனால் அதற்கு மேலும் நான்கு மடங்கு. இதோடு விண்டோஸும் பிரவுசரும் பக்கத்தில் திறந்திருக்கும் ஃபோட்டோஷாப்பும் தங்கள் பங்கைக் கேட்கும். அதனால்தான் 8 ஜிபி வேண்டவே வேண்டாம், 16 தொடக்கம், 32 நிம்மதி என்கிறேன்.

ஆனால் 32 ஜிபியை இன்றே வாங்க வேண்டுமா என்பது மாடலைப் பொறுத்தது. ராமுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கும் லேப்டாப் என்றால் 16 ஜிபியோடு எடுத்துவிட்டு, 3டி பாடம் தொடங்கும்போது ஏற்றிக்கொள்ளலாம். மெலிசான லேப்டாப்கள் பலவற்றில் ராமைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். மேக்புக்கிலும் அப்படித்தான். அவற்றில் வாங்கும் நாளில் இருப்பதுதான் கடைசி வரைக்கும். வாங்கப்போகும் மாடலில் ஸ்லாட் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கடையில் தெரியாது என்றால் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. மிகச் சில மாடல்கள் தவிர லேப்டாப்பில் இதை எந்தக் காலத்திலும் மாற்ற முடியாது, எனவே திரைக்கு நிகராக இதைப் பாருங்கள். பிளெண்டரின் சைக்கிள்ஸ் போன்ற ரெண்டரர்கள் கார்டில் ஓடும்போது காட்சியில் உள்ள மாடல்களும் டெக்ஸ்சர்களும் (மாடல்களின் மேல் போர்த்தும் படங்களும்) கார்டின் சொந்த நினைவகமான விராமில் இடம் பிடிக்கும். 4096க்கு 4096 அளவுள்ள ஒரே ஒரு வண்ண டெக்ஸ்சர் அங்கே 64 எம்பி எடுக்கும். முகத்துக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று, பின்னணிச் சுவருக்கு ஒன்று என்று நீங்கள் சேர்த்துக்கொண்டே போவீர்கள். விராம் நிறைந்துவிட்டால் ரெண்டர் தவழும், இல்லையென்றால் நினைவகம் போதவில்லை என்று நின்றேவிடும். 4 ஜிபி விராம் சீக்கிரம் மூச்சு முட்டிப்போகும். 6 ஜிபி சமாளிக்கும். 8 ஜிபி இருந்தால் படிப்பு முழுவதற்கும் தாங்கும்.

ஏஎம்டி, இன்டெல் கார்டுகளிலும் ஆப்பிளிலும் சைக்கிள்ஸ் ஓடும். இருந்தும் மாணவர்களுக்கு நான் என்விடியாவைத்தான் சொல்வேன். மாயாவோடு வரும் ஆர்னால்டு ரெண்டரரின் ஜிபியு வசதி, அதாவது கிராஃபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்யும் வசதி, என்விடியாவில் மட்டுமே ஓடும் என்பது முக்கியக் காரணம். இங்கே கடைகளில் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. ஒரே பெயருள்ள கார்டு எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகத்தில் ஓடாது. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060ஐ எடுத்துக்கொண்டால், லேப்டாப் தயாரிப்பாளர் அதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு வேண்டுமானாலும் மின்சாரம் ஒதுக்கலாம். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றேதான், ரெண்டர் நேரம் ஒன்றில்லை. டிஜிபி (கார்டுக்கு ஒதுக்கிய மின்சார அளவு) எத்தனை வாட் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

புராசஸரைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. இன்டெலோ ஏஎம்டியோ, சமீபத்திய தலைமுறையில் பெயர் எச் அல்லது எச்எக்ஸ் என்று முடிவதாக எடுங்கள். யூ என்று முடிபவை பேட்டரியை மிச்சப்படுத்தச் செய்தவை. அவற்றில் துணி, நீர், புகை சிமுலேஷன் ஓட்டினால் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டோரேஜும் அப்படித்தான்: 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியில் (வேகமான வகை டிரைவில்) தொடங்குங்கள், இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் பிறகு சேர்க்கலாம். பேக்கப்புக்கு வெளியே ஒரு டிரைவ் கட்டாயம்.

சரி, லேப்டாப்பா டெஸ்க்டாப்பா? நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. இரண்டு மடங்கு என்று அளந்து சொல்ல மாட்டேன், ஆனால் அதே பணத்துக்கு டெஸ்க்டாப்பில் வேகமும் கூடும், சூடும் குறையும், கார்டு முதற்கொண்டு எதையும் பின்னால் மாற்றலாம். ஒரு தடவைதான் பணம் என்பவர்களுக்கு இது பெரிய பலம். வீட்டிலிருந்தே போய்வருவீர்கள், கல்லூரி லேபும் நன்றாக இருக்கிறது என்றால் யோசிக்காமல் டெஸ்க்டாப்பை அசெம்பிள் செய்யுங்கள், நல்ல மானிட்டரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு. விடுதியில் தங்கப் போகிறீர்கள், அல்லது தினமும் வகுப்புக்குச் சொந்தக் கம்ப்யூட்டர் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்றால் லேப்டாப்தான்.

அண்ணன் சொல்லும் மேக்கையும் ஒதுக்கித் தள்ள மாட்டேன். திரை அருமை, சார்ஜர் இல்லாமலும் அதே வேகத்தில் ஓடும். பெரும்பாலான கேமிங் லேப்டாப்கள் பேட்டரிக்கு மாறியதும் தளர்ந்துவிடும். டிசைன், 2டி அனிமேஷன், எடிட்டிங் என்று போகிறவருக்கு மேக் நல்ல தேர்வு. ஆனால் அதில் ராமும் விராமும் ஒரே பொது நினைவகம். 16 ஜிபி என்றால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் 16, அதையும் பிறகு ஏற்ற முடியாது. 3டியில் உங்களுக்கு ஆசை இருந்தால் அதே பணத்தை என்விடியா கார்டுள்ள விண்டோஸ் கணினியில் போடுங்கள்.

பட்ஜெட்டில் கொஞ்சம் பென் டேப்லெட்டுக்கு (பேனாவால் வரைந்தால் கம்ப்யூட்டரில் பதியும் பலகைக்கு) ஒதுக்குங்கள். மவுஸால் வரைந்து அனிமேஷன் கற்பது வீண் சிரமம். திரையில்லாத சிறியது போதும். பார்ப்பது திரையில், வரைவது மேசையில் என்பது சில வாரங்களில் பழகிவிடும். அழுத்த அளவு 4096ஆ 8192ஆ என்று குழம்ப வேண்டாம், கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மென்பொருளுக்கும் உடனே பணம் போக வேண்டியதில்லை. பிளெண்டரும், வரைவதற்கான கிரிட்டாவும் எல்லோருக்கும் இலவசம். தகுதியுள்ள மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாயாவையும் 3டிஎஸ் மேக்ஸையும் இலவசமாகத் தருகிறது, வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

ரெண்டர் போடத் தொடங்கும்போது ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே பழக்கிக்கொள்ளுங்கள். பத்து நொடிக் காட்சி, பிரேமுக்கு மூன்று நிமிடம் என்றால் 240 பிரேமுக்கு 12 மணி நேரம். இரவெல்லாம் ஓடும். நேரடியாக எம்பி4 வீடியோவாக ரெண்டர் கொடுத்து 173ஆவது பிரேமில் கரண்ட் போனால் அந்தக் கோப்பு பெரும்பாலும் திறக்காது, எல்லாம் முதலிலிருந்து. ஒவ்வொரு பிரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாகக் கொடுத்திருந்தால் முடிந்தவை பத்திரமாக இருக்கும், பாதியில் நின்ற பிரேமிலிருந்து தொடரலாம். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ்ஸும் வையுங்கள்.

வாங்கிய பிறகு, மாற்றிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். பிளெண்டர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் டெமோ கோப்பு ஒன்றை இறக்கி, அமைப்புகளில் சைக்கிள்ஸுக்கு உங்கள் கார்டைத் தேர்ந்தெடுத்து, சார்ஜரைச் செருகிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஒரே பிரேமைத் திரும்பத் திரும்பப் போட்டு, முதல் தடவை எடுத்த நேரத்தையும் கடைசித் தடவை எடுத்த நேரத்தையும் ஒப்பிடுங்கள். கொஞ்சம் கூடுவது இயல்பு. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று போனால் சூடு வெளியேறாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருள். அப்படியென்றால் பில்லோடு கடைக்கு எடுத்துப்போய் வேறு மாடல் கேளுங்கள்.