மிகக் கடினமான ஒரு பியானோ படைப்பைக் கற்று மெருகேற்றுவது எப்படி?

கேள்வி கேட்டவர் சில ஆண்டுகளாகப் பியானோ வாசித்து வருகிறார். தம் கைத்திறனுக்குச் சற்று மேலான ஒரு பெரிய படைப்பை எடுத்து ஆறு மாதம் பொறுமையாக, மெதுவாகவே பழகியும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் கை நகர மறுக்கிறது என்கிறார். தவறில்லாமல் வாசிக்கும் பகுதிகள்கூட 'இசையாக' ஒலிக்கவில்லை என்றும், ஒரு படைப்பு முடிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்றும் கேட்டிருக்கிறார். நான் தொழில்முறைக் கலைஞன் அல்லன். சிறு வயதில் கற்று, நடுவில் பல ஆண்டுகள் கைவிட்டு, முப்பது வயதுக்கு மேல் மீண்டும் ஓர் ஆசிரியையிடம் சேர்ந்தவன். போலந்தில் பிறந்த இசையமைப்பாளர் ஷோப்பினின் முதல் பலாடோடு (கதை சொல்வது போன்ற பியானோ படைப்பு) பதினான்கு மாதங்கள் போராடியதில் தெரிந்துகொண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஜி மைனர் என்ற ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) அமைந்த அந்தப் படைப்பு, ஓபஸ் 23 என்ற படைப்பு எண்ணோடு 1836இல் வெளியானது. மொத்தம் 264 பார் (தாளக் கணக்கில் பிரித்த சிறு பகுதிகள்). வாசித்து முடிக்க ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஆகும். அதில் பெரும்பகுதி, நல்ல இடைநிலை மாணவர் எவரும் உழைத்தால் எட்டக்கூடியதுதான். ஆனால் 208ஆவது பாரில், தீயின் உக்கிரத்தோடு மிக விரைவாக வாசிக்க வேண்டும் என்று பொருள்படும் 'பிரெஸ்டோ கான் ஃபுவோகோ' என்ற குறிப்போடு கோடா, அதாவது முடிவுப் பகுதி, தொடங்குகிறது. அதுவரை வந்தவர்களில் பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படி நின்றவன். இருபது வயதில் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகக் கற்றுக்கொண்டே போய், அழகான மெட்டுகளை எல்லாம் வாசித்து மகிழ்ந்து, கோடாவை எட்டியபோது உற்சாகமும் நேரமும் தீர்ந்து போயிருந்தன. இரண்டாம் முறை என் ஆசிரியை முதல் வகுப்பிலேயே கடைசி நான்கு பக்கங்களைத் திறந்து வைத்தார். அடுத்த பத்து வாரங்களுக்கு நான் வேறு எதையும் தொடக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் செய்தது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். எந்தப் பெரிய படைப்பிலும் கடினம் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, 'இன்று முழு வேகத்தில் என்னால் முடியாது' என்று தோன்றும் பார்களை மட்டும் குறித்துப் பாருங்கள். என் பிரதியில் 264இல் 61 பார்களே அப்படிக் குறி பெற்றன. பயிற்சி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அந்த 61 பார்களுக்குப் போனது. மீதியிருந்த இருநூறு சொச்சத்துக்கு ஒரு பங்கு போதுமானதாக இருந்தது. முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது பயிற்சி போலத் தோன்றினாலும், அதில் நாம் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்ததையே மீண்டும் வாசித்து மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

இனி, வேகம் ஏன் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது என்பதற்கு வருகிறேன். இந்தக் கேள்வியில் மிக முக்கியமான பகுதி இதுவே. கோடாவில் வலது கை இரட்டை ஸ்வரங்களையும் ஒற்றை ஸ்வரங்களையும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போக, இடது கை தாழ்ந்த பாஸ் ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மேலே தாவி ஒரு கார்டைப் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) பிடித்து, உடனே மீண்டும் கீழே இறங்க வேண்டும். தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 44 அரை நோட்டு (அரை நோட்டு என்பது ஸ்வர நீளத்தின் ஓர் அளவு) என்று தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று புள்ளிகளாக உயர்த்திக்கொண்டே வந்தேன். 66ஐ எட்டியதும் கை கல்லாகிவிட்டது. மூன்று வாரம் அதே 66. ஒரு நாள் வகுப்பில் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆசிரியை என் இடது மணிக்கட்டுக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்து மெல்ல மேலே தூக்கினார். தளர்ந்த கையாக இருந்திருந்தால் அது எளிதாக மேலெழுந்து மீண்டும் விழுந்திருக்கும்; என் கையோ முழங்கையோடு சேர்ந்து பலகையைப் போல எழுந்தது. பாஸ் ஸ்வரத்தை அடித்து முடித்த பிறகும் நான் அந்தக் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த அழுத்தத்தோடுதான் தாவியிருக்கிறேன்.

பியானோவின் கட்டை கீழே இறங்கும் ஆழம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான். அதை அழுத்த வேண்டிய எடையும் சுமார் 50 கிராம்தான். சுத்தியல் கம்பியை அடித்துத் திரும்பிய பிறகு நாம் எவ்வளவு அழுத்தினாலும் ஒலியில் எந்த மாற்றமும் ஏற்படாது. மெதுவாக வாசிக்கும்போது இந்த வீண் அழுத்தத்தைக் கழற்றுவதற்கு நேரம் இருப்பதால் அது தெரிவதில்லை. வேகம் கூடக் கூட ஒவ்வொரு ஸ்வரத்தின் மிச்ச இறுக்கமும் அடுத்ததன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆக, என்னைத் தடுத்தவை அந்த ஸ்வரங்கள் அல்ல; ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் இடையில் என் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நான் ஒருநாளும் பழகியிருக்கவில்லை.

அதைப் பழகிய விதம் வேடிக்கையாக இருக்கும். பாஸ் ஸ்வரத்தை அடிக்க வேண்டும். கையை உடனே, முழு வேகத்தில், அடுத்த கார்டின் மேல் கொண்டுபோய், கட்டைகளைத் தொட்டபடி ஓசை எழுப்பாமல் நிறுத்த வேண்டும். விரல்கள் சரியான கட்டைகளின் மேல் இருக்கின்றனவா, தோள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதன் பிறகே ஒலிக்க வேண்டும். தாவல் மட்டும் மின்னல் வேகம்; மற்றபடி எல்லாம் ஆமை வேகம். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், இரண்டு வாரம் இப்படிச் செய்தேன். பிறகு கண்களை மூடிக்கொண்டும் செய்தேன். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பயிற்சியாகவே தோன்றாது. பியானோ பழுது பார்க்கப்படுகிறது என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

மெதுவாகப் பழகுவதை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ருஷ்ய இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ரக்மானினோவ், ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த இரட்டை ஸ்வரங்களில் ஓடும் ஷோப்பினின் பயிற்சிப் படைப்பை (எட்யூட், ஓபஸ் 25, எண் 6) ஒரு பாருக்குச் சுமார் 20 வினாடி என்ற கணக்கில் பழகிக்கொண்டிருந்ததையும், என்ன படைப்பு என்று அடையாளம் காணவே தமக்குச் சற்று நேரம் பிடித்ததையும் ஆப்ராம் சேசின்ஸ் என்ற பியானோ கலைஞர் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரக்மானினோவ் அதை முழு வேகத்திலும் வாசிக்கத் தெரிந்தவர். வேகமான அசைவு எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்து, அதையே விரித்துப் பார்ப்பது ஒன்று. தெரியாமலே மெதுவாக வேறோர் அசைவைப் பழகிக்கொண்டிருப்பது மற்றொன்று. நடையை விரைவுபடுத்திக்கொண்டே போனால் ஓட்டம் வந்துவிடாது, ஏனெனில் ஓடும்போது கால் தரையை விடும் விதமே வேறு. ஆகவே மெதுவான பயிற்சியோடு, முதல் வாரத்திலிருந்தே, நான்கைந்து ஸ்வரங்களை மட்டும் எடுத்து முழு வேகத்தில் ஒரே வீச்சில் வாசித்து நிறுத்திப் பாருங்கள். நின்ற இடத்தில் கையை முழுவதும் தளர்த்தி, அடுத்த நான்கைந்துக்குப் போகலாம். பிறகு இந்தத் துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்க்கலாம். துண்டுகளின் எல்லையை அவ்வப்போது மாற்றிக்கொண்டால் ஒட்டுத்தையல் தெரியாது.

எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்ற விரல்முறைக்கும் இது பொருந்தும். மெதுவாக வாசிக்கும்போது வசதியாகத் தோன்றும் விரல்முறை வேகத்தில் காலை வாரிவிடும் என்பதால், அதைப் பென்சிலால் எழுதுவதற்கு முன் சிறு துண்டாக முழு வேகத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது. எழுதிய பிறகு காரணமின்றி மாற்றாதீர்கள். பதிப்பையும் பார்த்து வாங்குங்கள். இந்தப் பலாடின் 7ஆவது பாரில் இடது கைக் கார்டில் உரசலாக ஒலிக்கும் ஈ-ஃபிளாட் ஒன்று இருக்கிறது. அது பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதிய பழைய பதிப்பாசிரியர்கள் சிலர் அதை டி என்று 'திருத்திவிட்டார்கள்'. அந்த ஒரு ஸ்வரம் போனால் அறிமுகப் பகுதியின் கேள்விக்குறியே போய்விடுகிறது.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. களைப்பு வரலாம், வலி வரக் கூடாது. முன்கையில் எரிச்சல் தொடங்கினால் அன்றைக்கு அந்தப் பகுதியை மூடி வைத்துவிட வேண்டும். லியான் ஃப்ளைஷர் போன்ற மாபெரும் கலைஞருக்கே 1960களின் நடுவில் வலது கையின் இரண்டு விரல்கள் உள்நோக்கிச் சுருண்டுகொண்டு, பல ஆண்டுகள் இடது கைப் படைப்புகளை மட்டுமே வாசிக்கும் நிலை வந்தது. ஷோப்பினே தம் மாணவர்களை நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பழக வேண்டாம் என்று தடுத்தார் என்பார்கள். வேலைக்குப் போய்வரும் எனக்கு ஒன்றரை மணி நேரம்தான் கிடைத்தது. அதையும் காலை, இரவு என்று பிரித்ததில் பலன் கூடியது. முதல் நாள் இரவில் வராத ஓர் இடம் மறுநாள் காலையில் தானாக வந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பத்து மாதம் கழித்து எல்லா ஸ்வரங்களும் கைக்குள் வந்தன. கோடாவின் வேகம் 92. அன்றுதான் முழுவதையும் கைபேசியில் பதிவு செய்து கேட்டேன். கேட்டு முடித்ததும் பியானோவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். வாசிக்கும்போது எனக்குள் ஒலித்த இசை அந்தப் பதிவில் இல்லை. மறுநாள் தாளோடு உட்கார்ந்து மீண்டும் கேட்டபோதுதான் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இடது கையின் பாஸ் ஸ்வரம் வலது கைக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்துகொண்டே இருந்தது. கார்ட்களில் எல்லா ஸ்வரங்களும் சம பலத்தில் ஒலித்ததால் மேல் ஸ்வரத்தில் ஓட வேண்டிய மெட்டு புதைந்து போயிருந்தது. ஒலியை நீட்டிக்கும் பெடலை நான் பயத்தில் அழுத்தியிருந்தேன் என்பதும் நன்றாகவே கேட்டது. எங்கெல்லாம் கை தடுமாறுமோ அங்கெல்லாம் கால் நீண்ட நேரம் கீழேயே இருந்தது.

மெருகு என்பது வாசித்ததன் மேல் கடைசியில் பூசும் பளபளப்பு என்று எண்ணியிருந்தேன். உண்மையில் எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் போட வேண்டியிருந்தது. கோடாவைப் பெடலே இல்லாமல் மூன்று வாரம் வாசித்தேன். அத்தனை ஓட்டைகளும் வெளியே வந்தன. கார்ட்களில் மேல் ஸ்வரத்தை மட்டும் பலமாக ஒலித்து, மற்ற விரல்களைக் கட்டை மேல் ஓசையின்றி வைத்துப் பழகினேன். அதைவிட முக்கியமானது ஒலியளவுத் திட்டம். 68ஆவது பாரில் தொடங்கும் இரண்டாவது மெட்டு அடங்கிய குரலில், மிக மென்மையாக வர வேண்டும். அதே மெட்டு 106ஆவது பாரில் ஏ மேஜரில் பெருங்குரலில் திரும்புகிறது. முதல் வருகையிலேயே உருகி உருகி உரக்க வாசித்துவிட்டால் இரண்டாவது வருகைக்கு எதுவும் மிஞ்சாது. என் பதிவில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. மிக மென்மையான இடத்தையும் மிக உரத்த இடத்தையும் முதலில் நிலைநிறுத்திக்கொண்டு, மற்றவற்றை அவற்றுக்கு நடுவில் அடுக்கினேன்.

வாசிக்கும் கருவி எது என்பதும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. 1821இல் எரார் என்ற பியானோ தயாரிப்பாளர் காப்புரிமை பெற்ற இரட்டை விடுவிப்பு அமைப்பினால், கம்பிகள் கிடையாக அமைந்த கிராண்ட் பியானோவில் கட்டை முழுவதும் மேலே வராமலே அதே ஸ்வரத்தை மீண்டும் ஒலிக்க முடியும். கம்பிகள் செங்குத்தாக அமைந்த அப்ரைட் பியானோக்களில் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இல்லை. வீட்டு அப்ரைட்டில் வராத விரைவான மறு ஒலிப்பு கிராண்டில் சுலபமாக வருவதைக் கண்டால் உங்கள் விரலைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பன்னிரண்டாம் மாதம், சக மாணவர்கள் பத்துப் பேர் முன் வாசித்தேன். கோடாவில் விழுவேன் என்றுதான் அஞ்சினேன். விழுந்ததோ 98ஆவது பாருக்கு அருகில், கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கக்கூடிய இடத்தில். முதல் மெட்டு இந்தப் படைப்பில் 8, 94, 194 ஆகிய மூன்று பார்களில் தொடங்குகிறது. இரண்டாவது வருகையில் இடது கை ஈ என்ற ஸ்வரத்தையும் மூன்றாவதில் டி என்ற ஸ்வரத்தையும் விடாமல் பிடித்திருக்க, மேலே பதற்றம் கூடிக்கொண்டே போகும். எளிது என்பதற்காக இவற்றை விரல் பழக்கத்துக்கே விட்டுவிட்டிருந்தேன். பதற்றத்தில் விரல் தயங்கிய நொடியில், நான் எந்த வருகையில் இருக்கிறேன் என்று தலைக்குத் தெரியவில்லை. பிறகு முழுப் படைப்பையும் பதினான்கு நிலையங்களாகப் பிரித்து எண்ணிட்டேன். வீட்டில் யாராவது 'ஒன்பது' என்று கூப்பிட்டால் உடனே அங்கிருந்து தொடங்க வேண்டும். பியானோ இல்லாத இடத்தில், எந்த ஸ்கேலில் நிற்கிறோம், பாஸ் எது, அடுத்து எங்கே திரும்புகிறது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதும் அன்றாட வழக்கமானது.

அதன் பிறகு ஆசிரியையின் சொற்படி ஐந்து வாரம் பலாடைத் தொடவே இல்லை. திரும்பி வந்தபோது முதல் மூன்று நாள் விரல்கள் திணறின; நான்காம் நாள் கோடா முன்பைவிட இலகுவாக ஓடியது. தவறான பழக்கங்களில் சில அந்த ஐந்து வாரத்தில் மறந்து போயிருந்தன என்றுதான் நினைக்கிறேன்.

எப்போது முடிந்தது என்று சொல்லலாம் என்ற கேள்விக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: காலையில், விரல்களைச் சூடாக்கிக்கொள்ளாமல், முதல் முயற்சியிலேயே பதிவு செய்ய வேண்டும், தொடர்ந்து மூன்று நாள் அந்தப் பதிவைக் கூச்சமில்லாமல் இறுதி வரை கேட்க முடிய வேண்டும். தவறுகள் இருக்கலாம், நின்றுவிடக் கூடாது. பதினான்காம் மாதத்தில் அந்த மூன்று காலைகளும் அமைந்தன. கோடாவின் வேகம் 96. மேடைக் கலைஞர்களின் வேகம் இதைவிட அதிகம், எனக்கு அது போதும். இப்போதும் வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கடைசி நான்கு பக்கங்களை 60இல், பெடல் இல்லாமல், ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் மூடுகிறேன். இரண்டு வாரம் அதைத் தவறவிட்டால் இடது மணிக்கட்டு மீண்டும் இறுகத் தொடங்கிவிடுகிறது.