கோத்தன்பர்க்கில் ஆட்டத்துக்கு ஆள் தேடுவது

அன்புள்ள அண்ணா,

கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஐந்து பேர் சேர்ந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுவோம் (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம்). படிப்பு முடிந்ததும் குழு சிதறிவிட்டது. நான் முதுகலை படிக்க ஸ்வீடனில் கோத்தன்பர்க் போகிறேன். ஒருவன் ஜெர்மனிக்கும் இன்னொருவன் ஜப்பானுக்கும் போகிறார்கள். புது ஊரில் ஆட்டத்துக்கு ஆள் எப்படிப் பிடிப்பது? ஸ்வீடிஷ் தெரியாதவனைச் சேர்த்துக்கொள்வார்களா?

ர., பொள்ளாச்சி

அன்புள்ள ர.,

மூவரில் உங்களுக்குத்தான் நல்ல ஊர் வாய்த்திருக்கிறது.

போனதும் ‘டி அண்ட் டி’ என்று தேடினால் ஒரு குழு கிடைத்துவிடும். பெரும்பாலும் உங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர்கள், ஆங்கிலத்தில் ஆடுவார்கள். போய்ச் சேருங்கள், தப்பில்லை. ஆனால் செமஸ்டர் முடிந்தால் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் என்ன ஆடுகிறார்கள், எங்கே கூடுகிறார்கள் என்று விசாரித்தால்தான் நிலையான குழு அமையும்.

ஸ்வீடன்காரர்களின் சொந்த ஆட்டம் ‘டிராக்கர் ஓக் டெமோனர்’. 1982இல் வந்தது. நீங்கள் ஆடிய ‘டி அண்ட் டி’யின் நகல் இல்லை, விதிகளின் வேர் கேயாசியம் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் ஆட்டத்தில் இருக்கிறது. 2023இல் வந்த புதிய பதிப்பு ‘டிராகன்பேன்’ என்ற பெயரில் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. போகும் முன் படித்துவிடுங்கள். அதில் நீங்கள் ஒரு வாத்தாக ஆடலாம். கேலி இல்லை, வாளேந்திய வாத்து. அங்கே நாற்பது வயதுக்காரர்கள் பலர் சின்ன வயதில் அப்படி ஆடியவர்கள்தான். இன்னொன்றும் கவனியுங்கள்: விடுதியில் இருபதுமுகப் பகடையில் இருபது விழுந்தால் சந்தோஷத்தில் கத்தியிருப்பீர்கள். இந்த ஆட்டத்தில் இருபது விழுந்தால் ‘டெமன்’, காரியம் கெட்டது. ஒன்று விழுந்தால்தான் ‘டிராகன்’. முதல் நாள் கை தானாக மேலே போகும், அடக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சங்கம். ஸ்வீடன்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சங்கம் வேண்டும், தலைவர், பொருளாளர், ஆண்டுக்கூட்டம் சகிதம். இதற்கும் 1988 முதல் ‘ஸ்வெரோக்’ என்ற தேசியக் கூட்டமைப்பு இருக்கிறது. ஊர்ச் சங்கங்கள் அதில் உறுப்பு. இளைஞர் அமைப்பு என்ற கணக்கில் அரசு மானியம் வருகிறது. அந்தக் கணக்கில் 25 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் மதிப்பு, அதனால் முதுகலை மாணவர் ஒருவர் சேர வந்தால் பொருளாளர் முகம் மலரும். 90களில் அங்கும் ‘இந்த ஆட்டம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, இதற்கு அரசுப் பணமா’ என்று கூச்சல் கிளம்பியது. கூட்டமைப்பு தாக்குப்பிடித்தது. நம் ஊரில் மொட்டை மாடியும் யாரோ ஒருவரின் பெற்றோர் ஊரில் இல்லாத வார இறுதியும்தான் இந்த ஆட்டத்துக்கு மானியம், என்ன செய்ய.

கோத்தன்பர்க்கிலேயே ‘கோத்கான்’ என்ற ஆட்டத் திருவிழா நடக்கிறது, 1977இலிருந்து, ஈஸ்டர் விடுமுறையில். அங்கே இப்படிப்பட்ட விழாக்களைப் பள்ளிக்கூடங்களில் நடத்துவது வழக்கம். வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் படுத்துத் தூங்குவார்கள். ஒரு மேஜை உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் சில மணி நேரத்தில் அடுத்த மேஜை. ஆள் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. டென்மார்க்கில் ‘ஃபாஸ்டவால்’ விழாவும் அதே ஈஸ்டரில்தான் வரும். அங்கே எழுத்தாளர்கள் புதிதாக எழுதிய கதைக்களங்களை ஆடிப் பார்த்து விருது கொடுப்பார்கள், விருதாகப் பெங்குவின் பொம்மை. எனக்கு ஃபாஸ்டவால்மேல்தான் ஆசை அதிகம். ஆனால் நீங்கள் முதல் வருடம் உள்ளூரிலேயே இருங்கள்.

மொழி விஷயம். ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும், உங்களுக்காக மாறியும் பேசுவார்கள். ஆனால் ஆறு பேர் உங்கள் ஒருவருக்காக நாலு மணி நேரம் ஆங்கிலத்தில் நகைச்சுவை செய்வது எளிதல்ல, அதையும் யோசியுங்கள். மாதத்தில் ஒரு நாள் நீங்களே ஆங்கிலத்தில் ஆட்டம் நடத்துகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கதை நடத்துபவருக்கு எல்லா நாட்டிலும் தட்டுப்பாடுதான், மொழியை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜெர்மனி நண்பருக்கு: அங்கே 1984இல் வந்த ‘தாஸ் ஷ்வார்ட்ஸ அவுகெ’தான் ஊர் ஆட்டம். ஒரு திறமையைச் சோதிக்க மூன்று இருபதுமுகப் பகடைகள் உருட்டவேண்டும், கணக்குப் பிடித்தவர் என்றால் கொண்டாட்டம். அக்டோபரில் எஸ்ஸன் நகரச் சந்தைக்குக் கட்டாயம் போகச் சொல்லுங்கள். அது முக்கியமாகப் பலகை ஆட்டங்களுக்கானது, ஆனால் நம் ஆட்களும் இருப்பார்கள்.

ஜப்பான் நண்பருக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். அங்கே மவுசு ‘கால் ஆஃப் துலு’ என்ற திகில் கதை ஆட்டத்துக்கு. நீண்ட தொடர்களைவிட ஒரே அமர்வில் முடியும் கதைகளுக்கு ஆள் எளிதில் சேரும். ஏற்கெனவே ஆடிய கதையை ஆடாதவர் காதில் போட்டுவிடக்கூடாது, அதில் மிகக் கறார். முடிச்சு தெரிந்தவருக்கு மறுபடி அந்தக் கதையில் இடம் கிடைப்பது அரிது. அதனால் யாராவது மேஜைக்கு அழைத்தால், அந்தக் கதையைப் பற்றி முன்கூட்டியே இணையத்தில் படித்துத் தயாராகிப் போக வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.