சமயநல்லூரில் இருந்து சோழவந்தானுக்கு ரோட்டை விட்டு நடக்க முடியுமா?

கேள்வி: சமயநல்லூரில் குடியிருக்கிறோம். சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே வருவதாக அம்மா நேர்ந்துகொண்டிருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ரோட்டில் பஸ்ஸும் டிப்பரும் உரசிக்கொண்டு போவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஆற்றங்கரை வழியாகப் போக வழி உண்டா? ரயில் பாதை ஓரமாக நடந்தால் சுருக்கம் என்கிறார்களே, அது சரிப்படுமா?

பதில்: ரயில் பாதை கூடவே கூடாது. மதுரை – திண்டுக்கல் தடம் இப்போது இரட்டைப் பாதை, முழுக்க மின்சார ரயில். ஒரு வண்டி போகும் இரைச்சலில் அடுத்த தடத்தில் வருவது காதில் விழாது. சட்டப்படியும் குற்றம்தான். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. தண்டவாளத்தைக் கடக்க வேண்டி வந்தால் கேட்டிலோ சுரங்கப்பாதையிலோ மட்டும் கடந்துகொள்ளுங்கள்.

ஆற்றங்கரை வழி உண்டு. ரோட்டை அறவே தொடாமல் போக முடியாது, ஆனாலும் பெரும்பகுதியை ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் கடந்துவிடலாம். சமயநல்லூர், தேனூர், திருவேடகம், சோழவந்தான் நான்கும் வைகையின் வடகரை ஊர்கள். சோழவந்தானை நோக்கி நடக்கும்போது ஆறு இடது கைப்பக்கம், ரயில் பாதை வலது கைப்பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவரை வழி தவறிப்போக வாய்ப்பில்லை. வளைவு நெளிவோடு சுமார் 12 கிலோமீட்டர். அம்மாவின் நடைக்கு, உட்கார்ந்து எழுந்து போக, நான்கு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். விடியும்போது கிளம்பினால் வெயில் முதுகுப் பக்கம்தான் அடிக்கும். எதிர்த்திசையில் நடப்பவர்களுக்கு முகத்தில் அடிக்கும். அந்த வகையில் உங்கள் நேர்த்திக்கடனின் திசையே நல்ல திசை.

தேனூர் வரை ஊர்ச்சாலையில் போங்கள், அங்கே குறுக்குவழி தேட வேண்டாம். திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்பு அழகர் சித்திரையில் ஆற்றில் இறங்கியது இந்தத் தேனூரில்தான் என்பார்கள். வண்டியூர்ப் பக்கம் இருக்கிற தேனூர் மண்டபம் இந்த ஊர்ப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அம்மாவுக்குச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

தேனூர் தாண்டியதும்தான் நல்ல நடை. வாய்க்கால் கரையைப் பிடித்துப் போங்கள். கரைக்கும் வரப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். வாய்க்கால் கரை பெரும்பாலும் புறம்போக்கு, தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களும் ஆடு மாடு ஓட்டுகிறவர்களும் காலங்காலமாக நடக்கிற இடம். வரப்பு ஒருவருடைய பட்டா நிலம். நடவுக்கு முன்னால் வரப்பைச் செதுக்கி, சேற்றை அள்ளி வைத்து மண்வெட்டியின் பின்பக்கத்தால் மெழுகிவிட்டிருப்பார்கள். அது காயும் முன் ஒரு கால் பதிந்தால் போதும், அந்தக் குழி வழியாகத் தண்ணீர் கசிந்து மேல் வயல் ஒரே ராத்திரியில் வடிந்துவிடும். ஆகவே மெழுகிய வரப்பு கண்ணில் பட்டால் சுற்றிப் போவதுதான் மரியாதை.

எது புறம்போக்கு என்று முன்கூட்டியே பார்க்கவும் வழி இருக்கிறது. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் புலப்படமும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) ‘அ’ பதிவேடும் (அது என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு) கிடைக்கும். பதிவேட்டில் ‘வாய்க்கால்’, ‘வண்டிப்பாதை’ என்று இருந்தால் அது பொது நிலம். ஆனால் காகிதத்தில் இருக்கிற வண்டிப்பாதை தரையில் முள்ளடைந்தும் கிடக்கலாம். அதனால் நேர்த்திக்கடன் நாளுக்கு முன்பே நீங்கள் ஒருமுறை தனியாக நடந்து பார்த்துவிடுங்கள். எதிரே மண்வெட்டியோடு வருகிறவரிடம் “ஐயா, இப்படியே போனா வேடகம் போயிரலாமா?” என்று கேளுங்கள். எந்த மடையில் தண்ணீர் ஓடுகிறது, எந்தத் தோப்பில் நாய் கிடக்கிறது என்பதை அவரைவிடத் தெளிவாக எந்த மேப்பும் சொல்லாது.

சில இடங்களில் வாய்க்காலின் குறுக்கே தென்னை மரத்தைப் போட்டிருப்பார்கள். பாசி பிடித்திருந்தால் அம்மாவை ஏற்றாதீர்கள், அடுத்த மதகு வரை நடந்து கடப்பது மேல். தோப்பு வேலி ஆறு வரை நீண்டு பாதையை மறித்தால், ஆற்றுக்குள் இறங்கிச் சுற்றலாம் என்றுதான் தோன்றும். இறங்க வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே நாணலும் பாசியுமாக மூடிக் கிடக்கும், ஆழம் தெரியாது. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறிவிடும். இருவருக்கும் கெட்டி அடியுள்ள ஷூ வேண்டும், கையில் ஒரு கம்பும் இருக்கட்டும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் கிடக்கிற இடத்தில் கம்பைத் தட்டிக்கொண்டே போங்கள், கண்ணாடி விரியன் உண்டு.

திருவேடகத்தில் கட்டாயம் உட்காருங்கள். சம்பந்தர் ‘வாழ்க அந்தணர்’ பதிகம் எழுதிய ஏட்டை வைகையில் விட, அது வெள்ளத்தை எதிர்த்து வந்து இங்கே சேர்ந்தது என்பது தலவரலாறு. நீங்களும் அதே போல ஆற்றின் போக்குக்கு எதிராகத்தான் நடந்து வந்திருப்பீர்கள். ஏடகநாதரைக் கும்பிட்டுவிட்டு அம்மாவின் காலைப் பாருங்கள். கொப்புளம் கண்டிருந்தால் இங்கேயே பஸ் கிடைக்கும். மீதியை இன்னொரு நாள் இங்கிருந்தே தொடரலாம், அம்மன் கோபிக்க மாட்டாள்.

திருவேடகத்தைத் தாண்டினால் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும். அகத்தி மரங்களில் கொடியை ஏற்றிக் கட்டியிருப்பார்கள், உள்ளே எப்போதும் ஈரமும் நிழலுமாக இருக்கும். ஒதுங்கி நிற்கலாமே என்று செருப்போடு நுழைந்துவிடாதீர்கள். கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு போகிற வழக்கம் இல்லை. கேட்டால் கழற்றிவிட்டு வரச் சொல்லி அவர்களே கூப்பிடுவார்கள், குடிக்கத் தண்ணீரும் தருவார்கள்.

அப்புறம், எப்போது போவது என்பது. தை கடைசியில் இருந்து பங்குனி நடுவரை சிறந்த காலம். அறுப்பு முடிந்து கரை காய்ந்திருக்கும், வெயிலும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரை வழுக்கும், அப்போது இந்த வழியே வேண்டாம். மழைக்காலத்தில் மட்டும் என்றில்லை, எப்போது கிளம்பினாலும் முந்தின நாள் வைகை அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள். மொத்த உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முதல் எச்சரிக்கை வந்துவிட்டாலே ஆற்றங்கரையை விட்டுவிடுங்கள். பாசனத்துக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோ தண்ணீர் திறந்த நாட்களில் வாய்க்கால் கரை மட்டும் போதும்.

ஜெனகை மாரியம்மனுக்கு வைகாசியில் திருவிழா. நேர்ந்துகொண்டது அந்தத் திருவிழாவுக்கென்றால் வெயில் கடுமையாக இருக்கும். அப்போது இருட்டோடு கிளம்பி, தேனூர் வரையிலான ஊர்ச்சாலையை டார்ச் வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள். வெளிச்சம் வந்த பிறகுதான் கரையில் கால் வைக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்புப் போட்ட மோர். திரும்பி வர சோழவந்தானில் இருந்து மதுரைக்குப் பஸ் நாள் முழுக்க உண்டு. எல்லா ரயிலும் அங்கே நிற்காது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.