இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்த மாமியார் படுக்கவே மாட்டேன் என்கிறார். எப்படிப் படுக்க வைப்பது?

உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக மனசு வரவில்லை. வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம்தான் அதிகம் போயிருக்கிறேன். நான் நர்ஸ் படிப்பு படித்தவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "உனக்கென்ன தெரியும்" என்று கிளம்புகிறவர்கள், படுக்க மறுக்கும் ஒரு பாட்டியுடன் ஒரு ராத்திரி முழித்திருந்துவிட்டு அப்புறம் வரட்டும்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. டிஸ்சார்ஜ் அன்று ஆளாளுக்கு "நல்லா ரெஸ்ட் எடுக்கணும்" என்று சொல்லியிருப்பார்கள். வீட்டுக்காரர் "நீ பார்த்துக்கோ" என்று வேலைக்குப் போயிருப்பார். மாமியார் எழுந்து நடந்தாலும் திட்டு உங்களுக்கு, படுக்கச் சொன்னாலும் திட்டு உங்களுக்கு.

சரி, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ரெஸ்ட் என்று மொத்தமாகக் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள். காலை எவ்வளவு ஊன்றலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம், எதில் உட்காரக்கூடாது? இடுப்பு மூட்டு மாற்றியவர்களைப் பெரும்பாலும் மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுகிறார்கள். நாள் பூராவும் மல்லாந்து கிடந்தால்தான் வம்பு. முதுகில் புண் வரும், கால் நரம்பில் ரத்தம் உறைந்துபோகும், நெஞ்சில் சளி சேரும், மலம் இறுகிப்போகும். பயப்பட வேண்டியது தாழ்வாக உட்காருவதற்கும் குனிவதற்கும்தான். தரையில் குந்துவது, சம்மணம் போடுவது, கால் மேல் கால் போடுவது, கீழே விழுந்ததைக் குனிந்து எடுப்பது, இதிலெல்லாம் புது மூட்டு நழுவிவிடக்கூடும். எத்தனை வாரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு என்பதை ஆபரேஷன் செய்தவர்தான் சொல்ல வேண்டும், நானோ பக்கத்து வீட்டு அக்காவோ இல்லை.

காசிமேட்டில் ஒரு ஆயாவைப் பார்த்துக்கொண்டேன். காலமெல்லாம் மீன் விற்றவர். பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்து, உங்கள் மாமியாருக்குச் செய்த அதே மாதிரி ஆபரேஷன். விடியற்காலை மூன்று மணி ஆனால் போதும், போர்வையை உதறிவிட்டு எழுந்துவிடுவார். வாக்கரை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரில் உள்ளங்கையை ஒட்டி ஒட்டி வைத்து அடுப்படிப் பக்கம் நகர்வார். பிடிக்கப் போனால் என் கையைத் தட்டிவிடுவார்.

"இன்னாமா நீ, ஏலம் போட்ற நேரத்துல மனுசி படுத்துனு கெடப்பாளா? தடைக்காலத்துலயே நான் சும்மா இருந்ததில்ல. கருவாடு தூக்கினு தெருத்தெருவா சுத்துனவ நானு!"

(விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கடலுக்குப் போகத் தடை. 61 நாள். அப்போதும் ஓய்ந்து உட்காராதவர் நாம் சொல்லியா படுப்பார்?)

மகள் கத்துவார், ஆயா அதைவிடச் சத்தமாகக் கத்துவார். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி வைத்தார்கள். அதன் மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறப் பார்த்தார். தாண்டி விழுந்திருந்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுந்திருப்பார். கம்பியை எடுத்துவிடச் சொன்னது நான்தான், அதற்கு மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.

அப்புறம் நான் அவர் நேரத்துக்கே மாறிக்கொண்டேன். மூன்று மணிக்கு எழுந்தால் எழட்டும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு கொஞ்ச நேரம் உட்கார வைப்பேன், ஏனென்றால் சட்டென்று நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அப்புறம் வாக்கரில் வாசல் வரை. அங்கே உயரமான கை வைத்த நாற்காலி, கையில் டீ. துறைமுகத்துக்குப் போகிறவர்களை ஒருத்தர் விடாமல் விசாரிப்பார். வெயில் ஏறும்போது தானாகவே "படுக்கறேன்மா" என்பார். பகலில் நன்றாகத் தூங்குவார். சாயங்காலம் தூங்கவிட மாட்டேன், ராத்திரி கெட்டுவிடும்.

நெத்திலி வந்த அன்று மேசை மேல் தாம்பாளத்தை வைத்துக் கொடுத்தேன். நெத்திலிக்கு அருவாமனை வேண்டாம். கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். நான் இரண்டு மீன் கிள்ளுவதற்குள் அவர் ஒரு கைப்பிடியை முடித்துவிட்டு, நான் கிள்ளியதைத் திரும்ப எடுத்துப் பார்த்து, "குடல அப்டியே வுட்டுட்ட பாரு" என்று என்னைத் திட்டினார். அன்றைக்கு அடுப்படிப் பக்கமே போகவில்லை. நோயாளியை வேலை வாங்கினாயா என்று கேட்கத் தோன்றுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, உயரமான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் சரி என்றுதான் சொன்னார்.

உங்கள் மாமியார் என்ன வேலை செய்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. அதை வைத்துத்தான் அவரை எங்கே உட்கார வைக்க முடியும் என்று தெரியும்.

ஆனால் ஒன்று. பிடிவாதம் எப்போதும் இருந்த குணமா, இப்போது திடீரென்று வந்ததா? ராத்திரியில் இடம் தெரியாமல் பேசுவது, இல்லாத ஆட்களைக் கூப்பிடுவது, உடம்பில் மாட்டியிருக்கும் குழாயைப் பிடுங்குவது இதெல்லாம் இருந்தால் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரும். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, வலி மாத்திரை, மலச்சிக்கல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். கையைக் கட்டவே கட்டாதீர்கள்.

ஆள் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏஜென்சிக்குக் கொடுக்கிற காசு முழுசாக எங்கள் கைக்கு வருகிறது என்று நினைக்காதீர்கள். பேர் சொல்ல விரும்பவில்லை, நான் இருந்த இடத்தில் பொங்கலன்று லீவு கேட்டதற்கு அந்த மாதக் கமிஷனை ஏற்றிப் பிடித்தார்கள். சில வீடுகளில் இன்னொரு கூத்து. நோயாளியைப் பார்க்க வந்தவளிடம் மொத்தக் குடும்பத்தின் பாத்திரத்தையும் போடுவார்கள், நான் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன் என்று ஆபீசிலிருந்து கேமராவில் பார்த்துவிட்டு போன் செய்வார்கள். அந்த நேரத்தில் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசலாமே? கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், எழுத வந்ததால் எழுதிவிட்டேன்.

பிசியோவுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள். கமோடு நாற்காலி இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றைக்கே வாங்கிக் கட்டில் பக்கத்தில் போடுங்கள். வாடகைக்கும் கிடைக்கும்.