இஏஎன்ஓவில் உறுப்பினரானால் அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்ப்பார்களா?

பார்க்க மாட்டார்கள், சந்தா கட்டாதீர்கள். இஏஎன்ஓ என்பது மூளைக் கட்டிகளைப் பார்க்கும் டாக்டர்களும் ஆராய்ச்சியாளர்களும் 1994-ல் ஐரோப்பாவில் தொடங்கிய சங்கம். மாநாடு, பயிற்சி, சிகிச்சை வழிகாட்டி, இதுதான் அவர்கள் வேலை. தனி ஆளுக்கு மருத்துவ ஆலோசனை சொல்லும் இடமில்லை, நீங்கள் அவர்களுக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதில் வராததும் அதனால்தான் இருக்கும்.

ஆனால் பெரியவர்களுக்கு வரும் கிளியோமா என்ற வகை மூளைக் கட்டிக்கு அவர்கள் எழுதிய 2021 வழிகாட்டி உங்களுக்கு உதவும். அப்பாவுக்கு 48 வயது, கிளியோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் கிளியோமா), ஐடிஹெச் நெகட்டிவ் (ஐடிஹெச் ஜீனில் மாற்றம் தெரியவில்லை) என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நெகட்டிவ் எந்தப் பரிசோதனையில் வந்தது என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். ஆர்132ஹெச் என்ற சாயப் பரிசோதனை மட்டும் செய்திருந்தால் அது ஒரே ஒரு வகை மாற்றத்தைத்தான் பிடிக்கும், அரிதான மற்ற வகைகள் தப்பிவிடும். 55 வயதுக்குக் கீழே என்றால் ஜீன் சீக்வென்சிங்கும் (ஜீனையே முழுதாகப் படிக்கும் பரிசோதனை) செய்து பார்க்கச் சொல்கிறார்கள். மாற்றம் இருந்தால் நோயின் பெயரே ஐடிஹெச் மாற்றமுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா என்று மாறும், பொதுவாக அது கொஞ்சம் மெதுவாகப் போகும் நோய்.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து அந்தப் பரிசோதனைக்காகக் கட்டித் திசு உள்ள மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேளுங்கள், வெறும் ரிப்போர்ட் நகல் போதாது. எம்ஜிஎம்டி என்ற ஜீனையும் பரிசோதித்துப் பார்த்தார்களா என்றும் அப்படியே கேட்டுவிடுங்கள், டெமோசோலமைட் என்ற கீமோ மருந்து எவ்வளவு கேட்கும் என்பதற்கு அது ஒரு குறிப்பு.

ஒன்று மட்டும், இந்தப் பரிசோதனையின் ரிசல்ட்டுக்காகக் கதிர்வீச்சைத் தள்ளிப்போடுவதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஆபரேஷன் முடிந்து மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதுதான் அந்த வழிகாட்டியிலேயே இருக்கிறது.