பிள்ளைக்கு மூக்கடைப்பு: எந்தப் பம்ப் வாங்கலாம்?

இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே கைப்பிள்ளைகளின் மூக்கைப் பற்றியவை. மழையும் வெயிலும் மாறிமாறி வரும் நாட்களில் இப்படித்தான். ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால் எல்லாவற்றையும் சேர்த்தே தருகிறோம்.

மூன்று மாதப் பிள்ளைக்குத் தடிமன். பாமசியில் சளி உறிஞ்சும் பம்ப் கேட்டால் றப்பர் பல்ப், வாயால் உறிஞ்சும் டியூப், பற்றரியில் ஓடுவது என்று மூன்று வகை காட்டினார்கள். விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. எதை வாங்க? – வாசகி, வெள்ளவத்தை

முதலில் வாங்க வேண்டியது பம்ப் அல்ல, சலைன் என்னும் உப்புநீர்த் துளிதான். பெட்டியில் 'சோடியம் குளோரைட் 0.9%' என்று இருக்க வேண்டும். மூக்கில் காய்ந்து ஒட்டிய சளி இளகாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பம்பாலும் அதை இழுக்க முடியாது. இளகிவிட்டால் சாதாரண பல்ப்பே போதும். பல நேரம் சலைன் விட்டதுமே பிள்ளை தும்மி, பாதிச் சளி தானாக வந்துவிடும். போத்தலைக் கையில் வாங்கியதும் பெயரை வாசியுங்கள். சைலோமெட்டாசோலின், ஒக்சிமெட்டாசோலின் என்ற மருந்துத் துளிகளும் இதே போன்ற சிறு போத்தல்களில்தான் வருகின்றன. அவை மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. கைப்பிள்ளையின் உடம்பில் கலந்தால் மயக்கம், இதயத் துடிப்புக் குறைதல் வரை போகலாம். வைத்தியர் எழுதித் தராமல் அவற்றைத் தொடவே வேண்டாம்.

இனிப் பம்ப். றப்பர் பல்ப் வாங்குவதாக இருந்தால் நடுவில் திருகித் திறக்கக் கூடியதாகப் பாருங்கள். ஒரே துண்டாக வார்த்த பல்ப்பின் உட்பக்கத்தை யாராலும் பார்க்க முடியாது. ஏன் அது முக்கியம் என்பதைக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்கிறோம். நுனி மென்மையான சிலிக்கோனில், உடனே அகலமாக விரிவதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் தவறிப்போயும் ஆழமாக நுழையாது. நீளமான ஒல்லி நுனி உள்ளது காது கழுவும் பல்ப், அது வேண்டாம். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பல்ப்பை அமுக்கி, நுனியை விரலால் அடைத்து, பிடித்த கையைத் தளர்த்துங்கள். சப்பையாகவே நின்றால் நல்லது. மெல்ல ஊதிக்கொண்டு வந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

வாயால் உறிஞ்சும் வகையில் நான்கு பாகங்கள்: மூக்கில் வைக்கும் அகன்ற குழாய், ஃபில்டர் பஞ்சு, நீண்ட டியூப், தாய் வாயில் வைக்கும் முனை. குழாயின் வாய் பிள்ளையின் மூக்குத் துவாரத்தை விடப் பெரியது. அதனால் உள்ளே போகாது, வெளியில் ஒட்டி நிற்கும். இழுக்கும் பலத்தை உங்கள் மூச்சே தீர்மானிப்பதால் மெதுவாகத் தொடங்கிக் கூட்டலாம், பிள்ளை நெளிந்தால் அந்த நொடியே நிறுத்தலாம். சளி உங்கள் வாய்க்கு வராது, குழாயிலேயே தங்கிவிடும். பஞ்சை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அதே கடையில் மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பற்றரியில் ஓடுவது கைக்கு வசதி. ஆனால் சத்தத்துக்குப் பல பிள்ளைகள் மிரளும், பற்றரி இறங்க இறங்க இழுவையும் குறையும். பெட்டியில் இழுவைப் பலம் என்று போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல், வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, சளி சேரும் கிண்ணம் மோட்டரிலிருந்து கழன்று வருகிறதா என்று பாருங்கள். பாட்டுப் பாடும், விளக்கு எரியும் வகைகளில் பொத்தான் போன்ற சிறு பற்றரி இருக்கலாம். அதன் மூடி ஸ்குரூ ஆணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் உணவுக் குழாயே வெந்துவிடும்.

எங்கள் தெரிவு: உங்கள் பிள்ளையின் வயதுக்கு வாயால் உறிஞ்சும் வகை. பஞ்சு தொடர்ந்து வாங்க முடியாவிட்டால் திறந்து கழுவும் பல்ப். பற்றரி வகைக்குக் கொடுக்கும் அதிகக் காசுக்கு ஏற்ற அதிகப் பயன் இந்த வயதில் இல்லை.

பல்ப் வாங்கினோம். உறிஞ்சினால் ஒன்றும் வருவதில்லை, பிள்ளை அலறுவதுதான் மிச்சம். எங்கே பிழை? – வாசகி, கொட்டாஞ்சேனை

மூன்று இடங்களில் பிழைக்கும். சலைன் விடாமல் உறிஞ்சுவது, விட்ட உடனேயே உறிஞ்சுவது, பல்ப்பை மூக்கில் வைத்த பிறகு அமுக்குவது. மூன்றாவதுதான் மோசம். காற்று உள்ளே போய்ச் சளியை இன்னும் பின்னுக்குத் தள்ளும்.

பால் கொடுப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு முன் தொடங்குங்கள். வயிறு நிறைந்த பிறகு செய்தால் கக்கிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சலைன் போத்தலைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள். குளிர்ந்த துளி பட்டால்தான் பிள்ளை திடுக்கிடும். கைகள் அடங்கும்படி துவாய் ஒன்றால் பிள்ளையைச் சுற்றி, மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலை லேசாகப் பின்னால் சாயட்டும். ஒரு மூக்குத் துவாரத்தில் இரண்டு அல்லது மூன்று துளி. போத்தல் நுனி மூக்கில் படக் கூடாது. ஒரு நிமிடம் பொறுங்கள், கடிகாரத்தைப் பார்த்தே பொறுங்கள். அவசரத்தில் பத்து விநாடியும் ஒரு நிமிடம் போலத் தெரியும்.

இப்போது பல்ப்பை வெளியிலேயே முழுதாக அமுக்கி, அமுக்கியபடியே நுனியைத் துவாரத்தின் வாயில் வையுங்கள். அரை சென்ரிமீற்றருக்கு மேல் உள்ளே போகத் தேவையில்லை. நுனி நேரே மேல்நோக்கிப் போகாமல், காதுப் பக்கம் பார்த்துச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். நேரே வைத்தால் நடுச்சுவரில் ஒட்டி அங்கேதான் இரத்தம் கசியும். பெருவிரலை மெல்ல, மெல்லத் தளர்த்துங்கள். சட்டென விட்டால் நுனி சதையைக் கவ்விக்கொள்ளும், சளி வராது. வெளியே எடுத்து டிஷூவில் பீய்ச்சிவிட்டு, அடுத்த பக்கம்.

எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. எவர்சில்வர் கரண்டியின் முதுகைப் பைப் தண்ணீரில் நனைத்து, நன்றாகத் துடைத்து, மேலுதட்டுக்கு மேல் பிடியுங்கள். மூச்சு வரும் பக்கம் பனி படரும், அடைத்த பக்கம் படராது. ஃபிரிட்ஜில் வைத்த கரண்டி இங்கே உதவாது. கொழும்பின் ஈரக் காற்றிலேயே அது முழுவதும் பனித்துவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவைக்கு மேல் உறிஞ்ச வேண்டாம். மூக்கின் உட்தோல் வீங்கி, சளியே இல்லாமல் அடைப்பு வரும். அதையும் சளி என்று நினைத்து மறுபடி உறிஞ்சினால் வீக்கம் இன்னும் கூடும். சளியில் இரத்தக் கோடு கண்டால் அன்று பம்பை ஓரமாக வைத்துவிட்டுச் சலைன் மட்டும் விடுங்கள்.

சலைனை வீட்டிலேயே செய்யலாமா? சிலர் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றும் 500 மில்லிலீற்றர் போத்தலை வாங்கி வைத்துப் பாவிக்கச் சொல்கிறார்கள். – வாசகி, தெஹிவளை

அந்தப் பெரிய போத்தலும் 0.9 வீதம்தான், சரக்கில் பிழையில்லை. ஆனால் அதில் கிருமி தடுக்கும் மருந்து எதுவும் சேர்த்திருப்பதில்லை. திறந்தால் ஒரே நாளில் வீச வேண்டியதை மாதக் கணக்கில் வைத்துப் பாவிப்பதுதான் தவறு. சிறிய துளிப் போத்தலோ, ஒரு தடவைக்கு உடைக்கும் பிளாஸ்டிக் குப்பியோ நல்லது. துளிப் போத்தலில் திறந்த திகதியை எழுதி ஒட்டி, லேபிளில் சொன்ன காலம் முடிந்ததும் எறியுங்கள்.

இரவில் கடை பூட்டியிருக்கிறது, வேறு வழியில்லை என்றால் செய்யலாம். 500 மில்லிலீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, 4.5 கிராம் உப்புத் தூள் கரையுங்கள். 5 மில்லிலீற்றர் கரண்டியில் மட்டமாக வழித்தால் முக்கால் கரண்டி. கல்லுப்பு வேண்டாம், கட்டிகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் அளவு பிசகும், மண்ணும் இருக்கும். உப்புக் குறைந்தாலும் கூடினாலும் மூக்கு எரியும். பிள்ளையின் மூக்கில் விடுமுன் உங்கள் மூக்கில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். 24 மணித்தியாலம் கழிந்ததும் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

பழைய பல்ப்பை வெட்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்புக் கறுப்பாக இருந்தது. எப்படிக் கழுவியிருக்க வேண்டும்? – வாசகர், முகத்துவாரம்

அது பூஞ்சணம். வெட்டிப் பார்த்தது நல்ல காரியம். கழுவுவதை விட உலர்த்துவதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இளஞ்சூடான சோப்புத் தண்ணீரை உறிஞ்சி, குலுக்கி, பீய்ச்சுங்கள். நாலைந்து தடவை. பிறகு நல்ல தண்ணீரில் அதே போல. திறக்கும் வகை என்றால் இரண்டாகக் கழற்றி, றப்பர் வளையத்தையும் எடுத்து, காற்றுப் படும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். திறக்காதது என்றால் நுனி கீழே பார்க்கத் தொங்க விடுங்கள். குளியலறையும் சிங்க் ஓரமும் இதற்கு ஆகாத இடங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் கறுப்பு வருவது நிச்சயம். கொதிநீரில் போடுமுன் பெட்டியைப் பாருங்கள், எல்லாப் பிளாஸ்டிக்கும் தாங்காது. உள்ளே சிறு புள்ளி கண்டாலும் எறிந்துவிடுங்கள். ஒரு பிள்ளையுடையதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

நாங்கள் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வாயாலேயே உறிஞ்சி எடுத்து, நெஞ்சில் கற்பூரமும் தேய்த்துத்தான் பிள்ளைகளை வளர்த்தோம். மகள் எதற்கும் விடுகிறாள் இல்லை. – ஓர் அம்மம்மா, பம்பலப்பிட்டி

உங்கள் கைப்பக்குவத்தில் பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள் அம்மா, அதில் ஐயமில்லை. ஆனாலும் இந்த மூன்றிலும் மகள் பக்கமே நியாயம் இருக்கிறது. மூக்கில் விடும் எண்ணெய் சிறிது சிறிதாக நுரையீரலுக்கு இறங்கும். அங்கிருந்து அதை வெளியேற்ற உடம்புக்கு எளிதில் முடியாது, எண்ணெயாலேயே நிமோனியா வரலாம். கற்பூரம் தோல் வழியாகவும் உடம்பில் சேரும். கைப்பிள்ளைக்கு வலிப்பு வரவைக்கக் கூடியது. கற்பூரம் கலந்த பாம் வகைகளையும் இரண்டு வயது வரை தள்ளி வையுங்கள். வாயை நேரே வைத்து உறிஞ்சினால் பெரியவர்களின் கிருமி பிள்ளைக்குப் போகும். நீங்கள் செய்த அதே உறிஞ்சலைத்தான் அந்த டியூப்பும் செய்கிறது, நடுவில் ஒரு பஞ்சை வைத்து.

இன்னும் ஒன்று. குளிப்பாட்டிய பின் காட்டும் சாம்பிராணிப் புகை, நுளம்புச் சுருள், முகத்தருகே தட்டும் பவுடர் எல்லாமே மூக்கடைப்பைக் கூட்டும். நுளம்புக்கு வலை போடுங்கள். தேன் ஒரு வயதுக்கு முன் ஒரு துளியும் வேண்டாம்.

பிறந்து 25 நாள். மூக்கு எந்நேரமும் கொர் கொர் என்கிறது, ஆனால் பால் நன்றாகக் குடித்துத் தூங்குகிறான். உறிஞ்ச வேண்டுமா? – வாசகி, கிராண்ட்பாஸ்

வேண்டாம். இந்த வயதில் மூக்குப் பாதை மிகவும் ஒடுக்கம், கொஞ்சச் சளிக்கும் சத்தம் கேட்கும். தும்மலும் சாதாரணம்தான். பால் குடிப்பதும் தூக்கமும் கெடாதவரை தொட வேண்டியதில்லை. தலையை உயர்த்தத் தலையணை வைக்காதீர்கள். மட்டமான மெத்தையில் மல்லாந்தே தூங்கட்டும். ஆனால் பால் குடிக்கும்போது நீலம் பாய்ந்து, அழுதால் மட்டும் நிறம் திரும்புகிறது என்றால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூக்கின் பின்வாசல் பிறவியிலேயே அடைபட்டிருக்கலாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது? சளி பச்சையாகிவிட்டால் பயமா? – பலர்

பச்சை நிறத்துக்காக மட்டும் ஓட வேண்டாம். சாதாரணத் தடிமனிலும் சில நாட்களில் சளி தடித்து மஞ்சள், பச்சை ஆகும். எண்ண வேண்டியது மூச்சை. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் பிழைக்கும்; கைப்பிள்ளையின் மூச்சு இடையில் விட்டு விட்டு வரும். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒரு வயதுக்குப் பின் 40 அல்லது மேல் என்றால் அது வேக மூச்சு. மூக்கடைப்பு மட்டும் மூச்சை இப்படி ஓட வைக்காது, நெஞ்சைப் பார்க்க வேண்டும்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல், முனகல், மூக்கு விடைத்தல், வழக்கத்தில் பாதிப் பாலும் குடிக்காமை, மூன்று மாதத்துக்குள் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையோ, வீட்டுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியோ, எது விரைவோ அங்கே போங்கள். உதடு நீலமானால், பிள்ளை துவண்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கிளினிக் புத்தகத்தையும், கடைசியாக எத்தனை மணிக்குப் பால் குடித்தது, எத்தனை முறை சிறுநீர் போனது என்று எழுதிய துண்டையும், மூக்கில் விட்ட துளிப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.